கேட்ட கேள்வியில் தோற்ற அரசுகள்

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையில் ஓட்டுரிமை உள்ள ஒருவர் தம் வாழ்நாளில் பலமுறை வாக்குச்சாவடி வரிசையில் நின்றிருப்பார். நாடாளுமன்றத்துக்கு, சட்டமன்றத்துக்கு, ஒன்றியத்துக்கு, ஊராட்சித் தலைவருக்கு என்று மை வைத்த விரலுக்குக் குறைவில்லை. ஆனால் அரசியல் சட்டத்தில் இன்ன மாற்றம் செய்யப்போகிறோம், உமக்குச் சம்மதமா என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. 2023 முடிவதற்குள் 106 திருத்தங்கள் நிறைவேறிவிட்டன. அவற்றில் 2016-இல் வந்த 101-ஆவது திருத்தம் அவர் வீட்டு வாசல்வரை வந்தது. ஜிஎஸ்டிக்கு வழிவிட்ட திருத்தம் அது. 2017 ஜூலையில் கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு வரி, இயந்திரத்தில் செய்வதற்கு 18 என்று தொடங்கினார்கள். 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கினார்கள். கையால் கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டிப் பிழைக்கிற சாத்தூர்ப் பக்கத்துச் சிறிய தீப்பெட்டி ஆபீசுக்கும் பெரிய இயந்திர ஆலைக்கும் இடையில் வரியில் இருந்த வித்தியாசம் அன்றோடு போயிற்று. நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது வேறு. ஓர் அரசு இப்படிப்பட்ட அரசியல் சட்டக் கேள்வி ஒன்றை மக்கள் முன் வைத்து, மக்களும் முடியாது என்று சொல்லிவிட்டால், அதன்பின் அந்த மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? தோற்ற அரசைத் துரத்துகிறார்களா, அல்லது கேள்வியை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறார்களா? கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரும்பாலும் நடந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் கெட்டவர்கள் ஆட்சியாளர்கள். தனிக் கேள்விக்கு விடை சொல்லும் வசதியே இல்லாத நம் ஊரில் கெட்டவர்கள் வேறு சிலர்.

இந்தியாவில் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பொதுவாக்கெடுப்பு வரவே இல்லை என்றாலும், வாசல்வரை வந்து திரும்பிய கதை ஒன்று உண்டு. நெருக்கடி நிலைக்காலத்தில் 42-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, 1977-இல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு அதைச் சரிசெய்ய 1978-இல் ஒரு மசோதா கொண்டுவந்தது. சட்ட அமைச்சர் சாந்தி பூஷண் முன்மொழிந்த அந்த மசோதாவில், சட்டத்தின் மதச்சார்பற்ற, ஜனநாயகத் தன்மை, அடிப்படை உரிமைகள், நேர்மையான தேர்தல், நீதித்துறையின் சுதந்திரம் ஆகியவற்றில் கைவைப்பதானால் நாடாளுமன்றம் மட்டும் போதாது, மக்களின் நேரடி வாக்கும் வேண்டும், அதிலும் வாக்காளர்களில் குறைந்தது 51 விழுக்காட்டினர் வாக்களித்திருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. மக்களவை ஏற்றுக்கொண்டது. மாநிலங்களவையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இருந்தது. அங்கே அந்தப் பிரிவை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது 44-ஆவது திருத்தமாக நிறைவேறியது. மக்களைக் கேட்கலாமா என்ற கேள்வியே மக்களைக் கேட்காமல் முடிந்துபோனது.

ஆகவே நேரடியான இந்திய உதாரணம் கிடையாது. ஆனால் மிக நெருங்கிய ஒன்று இருக்கிறது. 1967 ஜனவரி 16 அன்று கோவாவில் நடந்த வாக்கெடுப்பு. கோவா மராட்டிய மாநிலத்தோடு இணைவதா, தனி யூனியன் பிரதேசமாகவே நீடிப்பதா என்பது கேள்வி. அரசியல் சட்டத் திருத்தம் பற்றியதல்ல அது, மாநில எல்லை பற்றியது என்று வழக்கறிஞர் ஒருவர் குறுக்கிடலாம். சரிதான். ஆனால் ஒரு நிலப்பகுதி எந்தச் சட்டமன்றத்தின் கீழ், எந்த மொழியின் கீழ் வாழப்போகிறது என்பதைவிட அடிப்படையான அரசியல் சட்டக் கேள்வி ஒரு சாதாரணக் குடிமகனுக்கு வேறு இருக்க முடியாது. மேலும் இந்தக் கேள்வியில் ஆளும் தரப்பு எது என்பதில் சந்தேகமே இல்லை. முதலமைச்சர் தயானந்த் பாந்தோட்கரின் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி, பெயரிலேயே இணைப்பைச் சுமந்துகொண்டிருந்தது. சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டே இணைப்பைக் கேட்டிருக்கலாம், அதற்கு வேண்டிய பலமும் அவர்களுக்கு இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஜாக் டி செகேரா விடாப்பிடியாக நின்று மக்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார். 1966 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டுமென்று பாந்தோட்கர் அரசு பதவி விலகி வழிவிட்டது. தமிழ் வாசகருக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும் செய்தி ஒன்று: இணைப்புக்குப் பூ சின்னம், தனித்திருக்க இரண்டு இலைகள் சின்னம். நம்மூரில் இரட்டை இலை சுவரேறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, வேறு காரணத்துக்காக, கோவாச் சுவர்களில் அது இருந்திருக்கிறது.

முடிவு: பூவுக்கு 1,38,170, இலைகளுக்கு 1,72,191. வித்தியாசம் 34,021. மத அடிப்படையில் மக்கள் பிரிந்து வாக்களித்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. கத்தோலிக்கர்கள் இணைப்பை எதிர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் மட்டும் சேர்ந்து இந்த எண்ணிக்கையை எட்டியிருக்க முடியாது. கொங்கணியைத் தாய்மொழியாக மதித்த இந்துக்கள், மராட்டியத்தோடு சேர்ந்தால் உள்ளூர் உத்தியோகம் வெளியாருக்குப் போகும் என்று பயந்த சம்பளக்காரர்கள், மராட்டியத்தின் மதுவிலக்கை நினைத்துக் கலங்கிய கள் இறக்குவோர் என்று பல தரப்பினர் இலைகளுக்குக் குத்தினார்கள். ‘ராஷ்ட்ரமத்’ என்ற மராத்தி நாளிதழ் மராத்தியிலேயே எழுதி மராட்டிய இணைப்பை எதிர்த்தது என்பது, கேள்வி எவ்வளவு நுணுக்கமாக மக்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஓர் அடையாளம். முடிவு வந்ததும் வீதிகளில் கொண்டாட்டம் திருவிழாக்கோலம் பூண்டது.

கொண்டாட்டம் ஓய்ந்த பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். அதே ஆண்டு மார்ச் மாதம் கோவாச் சட்டமன்றத்துக்குப் பொதுத்தேர்தல் வந்தது. இணைப்பில் மண்ணைக் கவ்விய கட்சிதான் மறுபடியும் வென்றது. பாந்தோட்கர் மறுபடியும் முதலமைச்சர் ஆனார், 1973-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். இரண்டே மாத இடைவெளியில் அதே வாக்காளர்கள் இப்படி முன்னுக்குப்பின் முரணாக நடப்பார்களா என்று மேல்தட்டு விமர்சகர்கள் அப்போதே தலையைச் சொறிந்திருப்பார்கள். முரண் ஏதும் இல்லை. நிலச்சுவான்தார்களின் பிடியிலிருந்து குத்தகைதாரரை விடுவிப்பதும், ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்டுவதும் பாந்தோட்கரின் வேலை என்று ஏழை வாக்காளர் நினைத்தார். மராட்டியத்தோடு இணைப்பது அவர் வேலை அல்ல என்றும் அதே வாக்காளர்களில் போதுமானவர்கள் நினைத்தார்கள். இரண்டு கேள்விகளும் தனித்தனித் தாளில் வந்ததால் தனித்தனியாக விடை சொன்னார்கள். மறுபக்கத்தில், வாக்கெடுப்பில் வென்ற செகேரா அடுத்த ஆட்சி தமதென்று எதிர்பார்த்திருந்தால், அவர் கணக்கு பொய்த்தது. ‘வேண்டாம்’ என்று ஒரு கூட்டமாகத் திரண்டவர்கள் ‘இன்னார் வேண்டும்’ என்பதில் ஒன்றுபட்டிருக்கவில்லை.

இனி அதே 1967, பிப்ரவரி மாதம், விருதுநகர். கோவா வாக்குச் சீட்டுகளை எண்ணி முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். 1957-இலும் 1962-இலும் பக்கத்துச் சாத்தூர் தொகுதியில் வென்ற காமராஜர், இம்முறை பிறந்த ஊரிலேயே நின்று, பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். ஏன் தோற்றார் என்று இந்த வட்டாரத்தில் கேட்டால் இன்றும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: இந்தி, அரிசி, மாணவர் மீது 1965-இல் நடந்த துப்பாக்கிச்சூடு, எதிர்க்கட்சிகளின் பெரிய கூட்டணி, ஜனவரியில் சுடப்பட்டு மருத்துவமனைக் கட்டிலில் கட்டோடு கிடந்த எம்.ஜி.ஆரின் படம். எல்லாமே காரணம்தான். இவற்றில் இந்திதான் கறாரான அரசியல் சட்டக் கேள்வி. 1965 ஜனவரி 26-க்குப் பிறகு இந்தி மட்டுமே ஆட்சிமொழியா என்பது 343-ஆவது பிரிவிலிருந்து எழுந்தது. தமிழ்நாடு அதற்குத் தெளிவாக ஒரு பதில் வைத்திருந்தது. ஆனால் அந்தப் பதிலை எழுத அதற்குத் தனித்தாள் தரப்படவில்லை. விருதுநகர்ப் பேட்டையில் மல்லியையும் மிளகாயையும் உளுந்தையும் ஒரே சாக்கில் கொட்டி விலை கேட்பவரை யாரும் வியாபாரி என்று மதிக்கமாட்டார்கள். பொதுத்தேர்தல் வாக்காளரிடம் அப்படித்தான் விலை கேட்கிறது. இந்தி வேண்டாம் என்று சொல்ல ஒரே வழி காங்கிரசை வேண்டாம் என்பது. விருதுநகர்க்காரருக்குக் காங்கிரஸ் என்றால் காமராஜர்.

இத்தனைக்கும் அவர் 1963-லேயே முதலமைச்சர் பதவியை விட்டு விலகியவர். அரிசித் தட்டுப்பாடும் துப்பாக்கிச்சூடும் பக்தவத்சலம் ஆட்சியில் நடந்தவை. ஆட்சிமொழிச் சிக்கலில் தமிழ்நாட்டின் கொதிப்பை தில்லியில் எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். கேள்விக்கு விழ வேண்டிய அடி அந்தக் கேள்வியை எழுப்பாத ஆள் மீது விழுந்தது. அதனால்தான் இந்தத் தோல்விக்குப் பிறகு மக்களிடம் எழுந்த உணர்ச்சி கோவாவில் எழுந்ததைப்போல் எளிமையானதாக இல்லை. மாநிலமெங்கும் திமுகவின் வெற்றிக்கு வெடி முழங்கியது. அதே வேளையில் காமராஜரைத் தோற்கடித்துவிட்டோமே என்ற குறுகுறுப்பும் ஆரம்பித்தது. ஓட்டுப் போட்டவர்களே அதைச் சொன்னார்கள். 1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அவர் ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அது வேறு தொகுதி, வேறு சமூகக் கணக்கு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் ஆளும் கட்சியாக திமுக இருந்தபோது, இந்தி பற்றிய கேள்வி 1967 டிசம்பரில் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்தின் மூலம் ஓரளவு தணிந்த பிறகு, வந்த வெற்றி அது. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரித்து இந்த மாவட்டத்தை உருவாக்கியபோது அதற்கு வைத்த பெயர் காமராஜர் மாவட்டம். அவரைத் தோற்கடித்த ஊர்தான் அதன் தலைமையிடம்.

ஒரு தேர்தலை வைத்து அரசியல் சட்டக் கேள்வி ஒன்றுக்கு மக்கள் தீர்ப்பு இதுதான் என்று சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1977 இன்னும் பெரிய சான்று. நெருக்கடி நிலைக்கும் 42-ஆவது திருத்தத்துக்கும் எதிரான தீர்ப்பு என்று அந்தத் தேர்தலை வரலாறு எழுதுகிறது. வட இந்தியாவில் சந்தேகமில்லை, இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். தமிழ்நாட்டில் அதே தேர்தலில் 39 தொகுதிகளில் 34-ஐ காங்கிரஸ், அதிமுக கூட்டணி அள்ளியது. அப்படியானால் பேச்சுரிமையையும் நீதிமன்றத்தின் கையையும் கட்டிப்போட்ட திருத்தத்துக்குத் தமிழர்கள் தலையாட்டினார்களா? ஒருக்காலும் இல்லை. 1976 ஜனவரி 31-இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டதன் சரி தவறு, எம்.ஜி.ஆர் மீதிருந்த ஆசை, கருணாநிதி ஆட்சி மீதிருந்த கோபம் இவைதான் அன்று இங்கே தேர்வுத்தாளில் இருந்தன. 42-ஆவது திருத்தத்தை இங்கே ஒருவரும் கேள்வியாகவே வைக்கவில்லை, எனவே அதற்கு விடையும் இல்லை.

வெளிநாட்டுச் சான்றுகளைப் பார்த்தாலும் கோவாவின் பாடம் பெரும்பாலும் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் மென்சிஸ் அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்ய அரசியல் சட்ட அதிகாரம் கேட்டு 1951 செப்டம்பரில் மக்களிடம் போனது. மயிரிழையில் தோற்றது. அதே மென்சிஸ் அதன்பிறகு தேர்தலுக்குத் தேர்தல் வென்று, 1966 ஜனவரியில் தாமாக ஓய்வுபெறும்வரை பிரதமராக இருந்தார். கம்யூனிஸ்ட்களைப் பிடிக்காத வாக்காளர்கூட ஒரு கட்சியைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுக்கத் தயங்கினார், அவ்வளவுதான். 2023 அக்டோபரில் பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் தரும் திருத்தத்தை அல்பனீஸ் அரசு முன்வைத்தது. ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள், ஆறு மாநிலங்களும் கைவிரித்தன. அரசின் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 2025 மே மாதம் அதே அல்பனீஸ் முன்னைவிடப் பெரிய பெரும்பான்மையோடு வந்தார். இதில் வருத்தத்துக்குரிய பகுதியும் உண்டு. தோல்வியின் சுமை அரசுக்கு இறங்கிவிட்டது, பூர்வகுடி மக்களுக்கு இறங்கவில்லை. அவர்களுடைய தலைவர்கள் ஒரு வாரம் மௌனம் காத்துத் துக்கம் அனுசரித்தார்கள். வாக்கெடுப்பில் யார் தோற்றார்கள் என்று கேட்டால், அரசை மட்டும் பார்த்து விடை சொல்வது போதாது.

சிலியின் கதை இன்னும் விளங்க வைப்பது. 2020-இல் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் பினோசே காலத்து அரசியல் சட்டம் போகட்டும், புதிது வேண்டும் என்றார்கள். இடதுசாரிகள் எழுதிய வரைவை 2022 செப்டம்பரில் 62 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். சரி, வலதுசாரிகள் கை ஓங்கிவிட்டது என்று அவர்கள் எழுதிய வரைவு வந்தது, அதையும் 2023 டிசம்பரில் நிராகரித்தார்கள். முதல் நிராகரிப்பைத் தம் வெற்றியாக எண்ணி ஆடியவர்களுக்கு இரண்டாவது நிராகரிப்பு பதில் சொன்னது. எதிர்வாக்கு யாருக்கும் சொந்தமாகிவிடுவதில்லை என்று இதைவிடச் சுத்தமாக ஒரு நாடு சொல்லியதில்லை.

அரசு கவிழ்ந்த இடங்கள் இல்லையா? உண்டு. 1969 ஏப்ரல் 27-இல் பிரான்சில் மேலவையையும் மண்டலங்களையும் மாற்றியமைக்கும் திட்டத்தில் சார்ல்ஸ் தெ கோல் தோற்றார், மறுநாளே பதவியைத் துறந்தார். 2016 டிசம்பரில் இத்தாலியில் 59 விழுக்காட்டு எதிர்வாக்கில் மத்தேயோ ரென்சி போனார். இரண்டிலும் ஒரு பொதுக்கூறு இருக்கிறது: தோற்றால் போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொன்னவர்கள் இவர்கள். கேள்வியோடு தம் பெயரையும் சேர்த்துச் சீட்டில் அச்சடித்தவர்கள். அப்படிச் செய்தால் மேலவையைப் பற்றி ஒன்றும் நினைக்காதவனும் ஆளைப் பிடிக்காததற்காக எதிர்த்து வாக்களிப்பான். அப்போதுகூட, பிரான்சில் இரண்டு மாதத்துக்குள் தெ கோலின் முன்னாள் பிரதமர் பொம்பிதுவைத்தான் மக்கள் அதிபராக்கினார்கள். ஆள் போனார், ஆட்சி அங்கேயே இருந்தது. இத்தாலியில்தான் 2018 தேர்தலிலும் ரென்சியின் கட்சி நொறுங்கியது. அதை என் வாதத்துக்கு எதிரான சான்றாகவே எண்ணிக்கொள்ளலாம்.

ஆட்சியாளர்கள் கேள்வியின் தோல்வியைத் தம் மீதான துரோகமாக எடுத்துக்கொண்ட இடங்களில்தான் பெரிய கேடு நடந்திருக்கிறது. 2000 பிப்ரவரியில் ஜிம்பாப்வேயில் முகாபேயின் புதிய அரசியல் சட்ட வரைவை சுமார் 55 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். முடிவை ஏற்கிறேன் என்று அவர் தொலைக்காட்சியில் அமைதியாகத்தான் சொன்னார். சில நாட்களில் வெள்ளையர் பண்ணைகளில் ஆட்கள் புகுந்தார்கள், கிராமப்புறங்களில் எதிர்க்கட்சியினர் அடிபட்டார்கள், ஜூன் தேர்தல் அந்தப் பயத்தில்தான் நடந்தது. கென்யாவில் 2005 நவம்பரில் கிபாக்கி அரசின் வரைவு தோற்றது. ஆதரவுக்கு வாழைப்பழம், எதிர்ப்புக்கு ஆரஞ்சு என்று சின்னங்கள். கிபாக்கி தம் அமைச்சரவை முழுவதையும் கலைத்தார். ஆரஞ்சு ஒரு கட்சியின் பெயராகவே மாறியது. 2007 தேர்தல் முடிவில் வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழச் சின்னம் இனப்பிளவின் அடையாளமானதற்கு வாக்கெடுப்பைக் குறை சொல்வதா, அதன் முடிவைக் கட்சிப் போராக்கிய இரு தரப்பையும் குறை சொல்வதா என்றால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

தமிழர்களுக்கு மிக நெருக்கமானதும், இந்த வாதத்துக்கு மிகக் கடினமானதுமான உதாரணம் இலங்கை. 1982 டிசம்பர் 22 அன்று, பொதுத்தேர்தலை நடத்தாமல் இருக்கிற நாடாளுமன்றத்தையே மேலும் ஆறு ஆண்டு நீடிக்கலாமா என்று ஜெயவர்தன அரசு சர்வசன வாக்கெடுப்பு நடத்தியது. ஆமாம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குப் பானை. நாடு முழுவதும் சேர்த்து விளக்குக்கு 54.66 விழுக்காடு. அரசு வென்றது. யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது பேர் பானைக்கு வாக்களித்தார்கள். அதாவது ஒரு மாவட்டம் முழுவதும் அரசைத் தோற்கடித்தது, ஆனால் தோற்கடித்ததாகக் கணக்கில் வரவில்லை. பெரும்பான்மையின் மொத்த எண்ணிக்கையில் அது கரைந்துபோனது. அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறையை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

தெற்கிலே நடந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாக்கெடுப்பில் விளக்கு தோற்ற சிங்களப் பகுதித் தொகுதிகள் பலவற்றில் தம் கட்சி உறுப்பினர்களை ஜெயவர்தன பதவி விலகச் செய்தார். 1983 மே மாதம் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. பானைக்கு வாக்களித்த அந்தத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றை ஐக்கிய தேசியக் கட்சியே வென்றது. அரசு இயந்திரத்தின் கை அதில் இருந்தது என்று சொல்வார்கள், இருந்திருக்கும். ஆனால் தேர்தலே வேண்டாம் என்று நீடிப்பதை எதிர்த்த வாக்காளர், தேர்தல் என்று ஒன்று வைத்ததும் அதே கட்சிக்கு வாக்களிப்பதில் வியப்பு என்ன இருக்கிறது? அவர் கேட்டது தேர்தலைத்தான். அதைக் கொடுத்தார்கள்.

யாழ்ப்பாணத்தின் பானை எழுப்பும் ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. பொதுவாக்கெடுப்பு என்பது பெரும்பான்மையின் ஆயுதம், சிறுபான்மை மொழிக்கும் மாநிலத்துக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. 1965-இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியா என்று இந்தியா முழுவதையும் ஒரே எண்ணிக்கையில் கேட்டிருந்தால் தமிழ்நாடு தோற்றிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நேருவின் உறுதிமொழியும், அதைச் சட்டமாக்கச் செய்த போராட்டமும், 1967 தேர்தலின் அதிர்ச்சியும்தான் நம்மைக் காப்பாற்றின, நேரடி வாக்கு அல்ல. இதை முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் மொத்த வாக்காளரில் பெரும்பான்மை போதாது, ஆறு மாநிலங்களில் நான்கிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 1901-இலிருந்து அங்கே கேட்ட 45 கேள்விகளில் எட்டு மட்டுமே தேறியிருப்பதற்கு அது ஒரு காரணம். 1978 மசோதாவில் அந்தப் பூட்டு இல்லை. அந்தப் பிரிவு மாநிலங்களவையில் விழுந்ததற்குக் காங்கிரசின் காரணம் எதுவாக இருந்தாலும், தமிழ்நாடு அதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆட்சேபம் வாக்கெடுப்பின் எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதைப் பற்றியது. கேள்வியில் தோற்ற அரசை மக்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதை அது தொடவில்லை.

சாதாரண வாக்காளருக்கு அரசியல் சட்டம் புரியாது, புரியாததால்தான் ‘வேண்டாம்’ என்கிறார் என்பது இன்னோர் ஆட்சேபம். ஆஸ்திரேலியாவில் 2023-இல் எதிர்த்தரப்பு அதையே பிரசாரமாக்கியது: தெரியவில்லையா, வேண்டாம் என்று போடு. அந்தத் தந்திரம் எனக்கு உவப்பானதல்ல. என்றாலும் புரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பதை நம் ஊரில் யாரும் முட்டாள்தனம் என்று சொல்வதில்லை. எழுதியவன் மறுபடி வந்து விளக்கட்டும் என்று திருப்பி அனுப்புவார்கள். அயர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008-இல் நிராகரித்தார்கள். சில உறுதிமொழிகளை வாங்கிக்கொண்டு அரசு அடுத்த ஆண்டு மறுபடி கேட்டது, ஏற்றார்கள். மறுபடி கேட்பதைக் குதர்க்கம் என்றவர்களும் உண்டு. நிராகரித்ததற்கு விலையாக ஏதாவது கிடைத்தது என்று அந்த மக்கள் எண்ணினார்கள் என்பதும் உண்மை.

தோற்ற அரசு நீடித்தால் தோல்விக்கு அர்த்தம் என்ன, பொறுப்பேற்று விலகுவதுதானே ஒழுங்கு என்பது மூன்றாவது. இது தில்லி, சென்னைத் தொலைக்காட்சி விவாதங்களில் நன்றாக எடுபடும் வாதம். அதன் விளைவு என்னவென்றால், விலக வேண்டியிருக்கும் என்று பயந்த அரசு கேள்வியே கேட்காது. கேட்காமல் செய்துவிட்டுப் போகும். கேள்வி கேட்பதற்கு ஆட்சியையே பணயம் வைக்கச் சொன்னால் 106 திருத்தங்களில் ஒன்றுகூட மக்களிடம் வராததில் அதிசயமில்லை. பாந்தோட்கர் வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டுமென்று முன்கூட்டியே விலகினார், தோல்விக்குப் பிறகு மறுபடி நின்றார். இந்த வரிசை தெ கோலுடையதைவிட மேலானது என்பது என் கருத்து.

இதெல்லாம் ஏழாயிரம்பண்ணைக்கு எட்டாத கதை என்று விட்டுவிடவும் முடியாது. ஒற்றைக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று சொல்ல ஓர் ஊராட்சி வாக்காளருக்கு இருக்கும் ஒரே இடம் கிராம சபை. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் அதற்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. அதன் பலம் என்ன என்பது 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் தெரிந்தது. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 12 கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் நின்றது. சுரங்கத்தை விரும்பிய நவீன் பட்நாயக் அரசு அடுத்த ஆண்டு மாநிலத்தில் மறுபடி பெருவெற்றி பெற்றது. மாநிலம் முழுவதன் கணக்கில் அந்தப் பன்னிரண்டு குக்கிராமங்கள் ஒரு மூலை என்பது சரிதான். இருந்தாலும் ஒரு கேள்வியில் தோற்றதால் ஓர் அரசு அழிந்துவிடுவதில்லை என்பதற்கு அதுவும் கணக்கில் சேரும். நம் பக்கத்தில் மேலூரை அடுத்த அரிட்டாபட்டி. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளியே தெரிந்ததும் ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம், மதுரையை நோக்கிப் பேரணி, டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியது. சிவகாசிச் சரக்காகத்தான் இருந்திருக்கும். யாருடைய பதவியும் போகவில்லை.

காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூர் அப்படி இல்லை. அங்கே திட்டமிட்ட விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை தீர்மானத்தின் மேல் தீர்மானமாக நிறைவேற்றியும் பதிவேட்டைத் தாண்டி அது எங்கும் போகவில்லை. 2024 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலில் ஊர்க்காரர்கள் வாக்களிக்கவே மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிப் பார்த்தார்கள், சாவடி ஏறத்தாழ காலியாகவே இருந்தது. தேர்தல் புறக்கணிப்பு என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல, கருப்புக்கொடி கட்டுவார்கள், தாசில்தார் வருவார், எழுதித் தருவார், மதியத்துக்கு மேல் பாதிப்பேர் போய் ஓட்டுப் போடுவார்கள். ஏகனாபுரம் அசையவில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தில் 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கடைசிப் பொத்தானாக நோட்டா சேர்ந்திருக்கிறது. நிற்கிற ஆட்கள் எல்லாரையும் வேண்டாம் என்று சொல்ல அதை அழுத்தலாம். ஏகனாபுரத்துக்காரர்களுக்கு வேட்பாளர்கள் மீது தனியாகக் கோபம் ஏதும் இல்லை. விமான நிலையம் வேண்டாம் என்பதற்கு அந்த இயந்திரத்தில் பொத்தான் இல்லாததால், இருந்த அத்தனை பொத்தான்களையும் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள்.